காவலா, கதவடைப்பா?

குழந்தைகளைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. இணையத்தில் சிறுவர் சிறுமியருக்கு வலை விரிக்கும் கயவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய விளையாட்டையும் ஏக்கத்தையும் விற்றுப் பணமாக்கும் கம்பெனிகளும் இருக்கின்றன. இவர்களை அடக்கச் சட்டம் அவசியமே. ஆனால் குழந்தையின் பெயரால் வரும் சட்டம் ஊராரின் வாயையும் கட்டுமானால், அதை ஆராயாமல் ஏற்பது விவேகமாகாது.

காரைக்குடிக்கும் சிவகங்கை ஜில்லாவுக்கும் நீதி வழங்கும் மதுரை ஐகோர்ட் கிளை, 2019 ஏப்ரல் 3-ந் தேதி, குழந்தைகளுக்கு விளையும் கேட்டைச் சுட்டி, டிக்டாக் செயலியை இறக்கிக்கொள்வதைத் தடுக்கும்படி இடைக்கால உத்தரவிட்டது. 24-ந் தேதி தடை நீங்கியது. ஆபாசம் பரப்பியவனுக்கும் கிராமியப் பாட்டுப் பாடியவனுக்கும் இடையில் அந்தத் தடை வித்தியாசம் பார்க்கவில்லை. 2025 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில், 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் அமலாயிற்று. அத்தகைய சட்டத்தை ஆலோசிக்கும்படி அதே மாதம் மதுரைக் கிளை மத்திய சர்க்காருக்கு யோசனை கூறியது.

நம் நாட்டிலும் சட்டம் இல்லாமல் இல்லை. 2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு இரண்டு காரியம் செய்கிறது. குழந்தைகளைப் பின்தொடர்ந்து வேவு பார்ப்பதையும், குறிவைத்து விளம்பரம் செய்வதையும் தடுக்கிறது. இதை மனமார வரவேற்கிறோம். 18 வயது நிரம்பாதவரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க சம்மதத்தையும் கேட்கிறது. தவறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். 2025 நவம்பரில் விதிகள் வெளியாகி, இக்கடமைகள் அமலாக 18 மாத அவகாசம் தரப்பட்டது.

சங்கடம் சம்மதத்தில்தான் இருக்கிறது. குழந்தை யார் என்று அறிய வேண்டுமானால், குழந்தை அல்லாதவர் யார் என்றும் அறிய வேண்டும். அபராதத்துக்கு அஞ்சும் கம்பெனி எல்லோரிடமும் அத்தாட்சி கேட்கும். அப்பொழுது ஊர்க் கண்மாயை ஆக்கிரமித்த பெரிய மனிதரைப் பற்றிப் பெயர் மறைத்து எழுதுகிறவனின் கதி என்ன? அவன் அச்சம் வீண் அச்சமல்ல. 2012-ல் மத்திய மந்திரி ஒருவரின் குமாரரைக் குறித்து ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரி வியாபாரி ஒருவர் கைது செய்யப்பட்டார். அதற்கு உதவிய 66-ஏ பிரிவைச் சுப்ரீம் கோர்ட் 2015 மார்ச் 24-ல் செல்லாதென்று தள்ளியது.

செட்டிநாட்டு வீடுகளையே பாருங்கள். தகப்பனார் சிங்கப்பூரில், பிள்ளை ஆயாவிடம். ஆயாவுக்குக் கைப்பேசியை இயக்கிக் கொடுப்பவனே பேரன். சம்மதம் கொடுப்பது யார், பெறுவது யார்? மறுநாள் வோட்டுப் போடப் போகும் 17 வயது மாணவன், இன்று ஓர் அபிப்பிராயம் எழுதத் தகப்பனாரின் கையொப்பத்துக்குக் காத்திருப்பதா? குழந்தைக்கும் கருத்துரிமை உண்டென்னும் ஐ.நா. உடன்படிக்கையை 1992-லேயே இந்தியா ஏற்றிருக்கிறதே!

காரைக்குடி இந்து மதாபிமான சங்கம் 1919-ல் பாரதியாரை வரவேற்று மகிழ்ந்தது. அவருடைய பாடல்களையே 1928-ல் அன்னிய சர்க்கார் பறிமுதல் செய்தது. 1910-ஆம் வருஷத்து அச்சுச் சட்டமும் அமைதியைக் காப்பதற்கென்றே வந்தது. ஜாமீன் தொகை பறிபோகுமென்று பயந்த அச்சுக்கூடத்தாரே தணிக்கை அதிகாரிகளாக மாறினர். இன்று 200 கோடி அபராதம் அதே வேலையைச் செய்யலாம்.

ஆகவே நாம் கேட்பது இது: வேவையும் விளம்பரத்தையும் முதலில் ஒடுக்குக. குற்றவாளியை 2012-ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டத்தால் தண்டிக்குக. வயதுக்குத் தக்கபடி சம்மத விதியைத் தளர்த்துக. வயது அத்தாட்சியைச் சேமித்து வைக்க ஒருவருக்கும் அதிகாரம் வேண்டாம். எந்தத் தடைக்கும் காரணம் பகிரங்கமாகட்டும்; அப்பீலுக்கு இடமிருக்கட்டும். பிள்ளைக்குக் காவல் வேண்டும். ஆனால் வீட்டைப் பூட்டிச் சாவியைச் சர்க்காரிடமும் கம்பெனியிடமும் கொடுப்பது காவல் ஆகாது.