வில்லும் விறைப்பும்: துப்பாக்கிச் சுருள்வில் சோதனையைத் தமிழில் சொல்லுதல்

சுங்கை பட்டாணியில் நாம் ஆற்றிய பொழிவொன்றின் முடிவில், கூலிமிலிருந்து வந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து ஒரு வினாவை முன்வைத்தார். அவர் இரப்பர்த் தோட்டத்தில் பிறந்து, தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பயின்று, பின்னர்ப் படையில் சேர்ந்து, படைக்கலங்களைப் பழுதுபார்க்கும் பணியில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்றவர். "ஐயா, துப்பாக்கிக்குள்ளே இருக்கிற ஸ்பிரிங்கை மாற்றினால், அதைச் சோதித்துப் பார்த்த பிறகுதான் ஆள் கையில் கொடுக்கணும். அந்தச் சோதனையை நம்ம பிள்ளைகளுக்குத் தமிழிலே சொல்லிக்கொடுக்க முடியுமா?" என்பது அவ்வினா.

அவர் அப்படிக் கேட்டதற்குக் காரணமும் இருந்தது. காவற்பணியில் இருந்த இளைஞர் ஒருவருக்கு, "பழையது தளர்ந்துவிட்டது, கெட்டியான ஸ்பிரிங்காகப் பார்த்துப் போடச் சொல்" என்று ஒருவர் தமிழில் அறிவுரை கூறினாராம். இளைஞரும் வேறொரு தயாரிப்பாளரின் சுருள்வில்லுள் மிகக் கெட்டியானதைத் தேர்ந்து, உரிமம் பெற்ற கடையில் பொருத்தச் செய்தார். பயிற்சிக் களத்தில் அத்துப்பாக்கி இரண்டாம் வெடியிலேயே சிக்கிக்கொண்டது. எவருக்கும் தீங்கில்லை. ஆயினும் அச்சிக்கலுக்கு உலோகம் மட்டுமன்றி 'கெட்டி' என்னும் நம் சொல்லும் காரணமாயிற்று. ஆகவே அவ்வினா மொழியியலுக்குப் புறம்பானதன்று எனக் கருதி இக்கட்டுரையை எழுதலானோம்.

வில் என்னும் சொல்

இயந்திர உறுப்பாகிய 'ஸ்பிரிங்'கைத் தமிழர் புதிதாகப் பெயரிடத் தேவை இருக்கவில்லை. வளைத்தால் மீளும் பொருளுக்கு 'வில்' என்னும் பெயர் முன்பே இருந்தது. அச்சின்மேல் எஃகுப் பட்டைகளை அடுக்கி, குலுக்கலைத் தாங்குமாறு செய்த மாட்டு வண்டியை மக்கள் 'வில்வண்டி' என்றனர். புலவர் குழு எதுவும் கூடி அப்பெயரை இயற்றவில்லை. வண்டியில் ஏறியவர்களும் ஓட்டியவர்களுமே அதை வழக்காக்கினர். கம்பியைச் சுருட்டிச் செய்யும் வகைக்குத் தமிழகப் பாடநூல்கள் 'சுருள்வில்' என்றும், அதனாலான தராசுக்குச் 'சுருள்வில் தராசு' என்றும் எழுதுகின்றன. இலங்கைப் பாடநூல்கள் 'விற்றராசு' எனப் புணர்த்தி எழுதுகின்றன. இரண்டும் நல்ல தமிழே.

கெடா மாநிலத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சுருள்வில் அறியாப் பொருளன்று. பால்மரத்தில் மங்கைத் தாங்குவதற்காக மரத்தைச் சுற்றிக் கட்டும் சுருட்கம்பியை நினைவுகூர்க. மரம் பருக்கப் பருக்க அக்கம்பி தானே நீண்டு கொடுக்கும், மங்கும் நழுவாது. பல ஆண்டு நீண்டு கிடந்த கம்பியைக் கழற்றினால், அது பழைய அளவிற்குச் சுருங்குவதில்லை. மீள்தன்மை, நிலைத்த தளர்ச்சி ஆகிய இரண்டு கருத்துகளையும் அம்மரத்தடியிலேயே கற்பித்துவிடலாம். துப்பாக்கியின் சுருள்வில்லைச் சோதிப்பதற்கு வேண்டிய அடிப்படையும் இவ்விரண்டே.

அது செய்யும் பணி

அரைத்தானியங்கித் துப்பாக்கி, விசையை ஒருமுறை அழுத்தினால் ஒருமுறை வெடித்து, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்வது. அவசரகாலம் நிலவிய 1948 முதல் 1960 வரையிலான ஆண்டுகளில் மலாயாவில் பயன்பட்ட அமெரிக்க எம்1 கார்பைன் இவ்வகையினது. ஜான் பிரௌனிங் வடிவமைத்து, 1911இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட எம்1911 கைத்துப்பாக்கியும் இவ்வகையினதே. விளக்கத்திற்கு இதனையே கொள்வோம்.

வெடித்ததும் குண்டு முன்னே பாய்கிறது. அதன் எதிர்விளைவாகத் துப்பாக்கியின் மேற்கூடு பின்னே ஓடுகிறது. ஓடும்போது வெற்றுத் தோட்டாவை இழுத்து வெளியே எறிகிறது, சுருள்வில்லையும் அமுக்குகிறது. ஓட்டம் முடிந்தவுடன் அமுங்கிய வில் விரிந்து மேற்கூட்டை முன்னே தள்ளுகிறது. அவ்வழியில் மேற்கூடு, தோட்டாக்கூட்டிலிருந்து அடுத்த தோட்டாவை உரசி எடுத்துக் குழலின் பின்னறைக்குள் செலுத்திப் பூட்டிக்கொள்கிறது. கடைசித் தோட்டாவும் தீர்ந்தால் மேற்கூடு பின்னேயே நின்றுவிடும்.

இவ்வில்லுக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் பின்னுதைப்பைக் கொண்டு அமைந்தது. அதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து 'பின்னுதைப்புச் சுருள்வில்' என்றால், பின்னுதைப்பை உண்டாக்குவதே இவ்வில் என்று மாணவர் மயங்கக்கூடும். செருமானியர் இதனை 'மூடும் வில்' என்னும் பொருள்படவும், பிரெஞ்சியர் 'மீட்கும் வில்' என்னும் பொருள்படவும் வழங்குகின்றனர். ஒரே கம்பிச் சுருளில் ஒரு மொழி காரணத்தையும், ஏனையவை பயனையும் கண்டுள்ளன. கலைச்சொல் ஆக்குவோர் ஆங்கிலத்தை மட்டும் நோக்காமல் பொருளையே நோக்க வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

கெட்டி என்னும் மயக்கம்

பேச்சுத் தமிழில் 'கெட்டி' என்னும் ஒரு சொல் மூன்று பண்புகளைச் சுமக்கிறது. எளிதில் அமுங்காமை ஒன்று; எளிதில் முறியாமை மற்றொன்று; மேற்பரப்பில் கீறல் விழாமை மூன்றாவது. இவற்றை முறையே விறைப்பு, வலிமை, கடினம் எனப் பிரித்து வழங்கலாம். ஒரு வில் மிக வலிமையுடையதாகவும் விறைப்புக் குறைந்ததாகவும் இருத்தல் கூடும். மேற்சொன்ன இளைஞருக்கு வேண்டியது முறியாத வில். அவர் பெற்றதோ அமுங்காத வில்.

எம்1911 கைத்துப்பாக்கியின் வழக்கமான சுருள்வில் 16 பவுண்டு எனக் குறிக்கப்படும். அஃது ஏறத்தாழ 7.3 கிலோகிராம் எடைக்கு ஈடான விசை. இது வில்லின் எடையன்று. மேற்கூடு முழுவதும் பின்சென்ற நிலையில் வில் எதிர்த்துத் தள்ளும் அளவு. இவ்வளவு மிகக் குறைந்தால் மேற்கூடு பின்முனையில் வன்மையாக மோதி உறுப்புகள் தேயும். மிகக் கூடினாலோ மேற்கூடு முழுத்தொலைவு ஓடாமல் இடையிலேயே திரும்பும். வெற்றுத் தோட்டா வெளியேறாமல் சிக்கும். ஆகவே நல்ல வில் என்பது மிகக் கெட்டியானதன்று, பொருத்தமானது.

இந்த வேறுபாட்டைக் கண்ணால் காண்பது அரிது. கம்பியின் தடிமனை நான்கு முறை தன்னோடு பெருக்கிவரும் அளவிற்கேற்ப விறைப்பு உயரும். தடிமன் 10 விழுக்காடு கூடினால் விறைப்பு 46 விழுக்காடு கூடும். ஏனைய அளவுகள் மாறாதிருப்பின், 16 பவுண்டு வில்லை 18 பவுண்டு ஆக்குவதற்குக் கம்பி 3 விழுக்காடு தடித்தால் போதும். ஒரு மில்லிமீட்டர்க் கம்பியில் அது 0.03 மில்லிமீட்டர். இதனாலேயே, வேறு தயாரிப்பாளர் செய்த மாற்று வில்லை உறையில் அச்சிட்ட எண்ணை நம்பி ஏற்காமல் சோதித்து ஏற்கின்றனர்.

சோதிக்கும் முறை

முதலாவது, ஒப்பீடு. துப்பாக்கியில் தோட்டா இல்லை என உறுதி செய்து பிரித்தபின், பழைய வில்லையும் புதிய வில்லையும் அருகருகே வைத்துத் தளர்நிலை நீளம், கம்பியின் தடிமன், சுருள்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். தளர்நிலை நீளம் என்பது சுமையின்றிக் கிடக்கும் நீளம். நெடுநாள் உழைத்த வில் இதில் குறுகியிருக்கும். வெறுமனே 'நீளம்' என்று எழுதினால் எந்நிலையின் நீளம் என்ற ஐயம் எழும். அடைமொழி இங்கே அணியன்று, தேவை.

இரண்டாவது, விசை அளவீடு. ராபர்ட் ஹூக் தம் விதியை 1676இல் எழுத்துகளை மாற்றி அடுக்கிய புதிராக வெளியிட்டு, 1678இல் அவிழ்த்துக் காட்டினார். நீட்சிக்கேற்ப விசை என்பது அதன் கருத்து. எடுத்துக்காட்டாக, வில்லைத் தண்டொன்றில் கோத்து 40 மில்லிமீட்டர் அமுக்குவதற்கு 2 கிலோகிராம் எடை வேண்டுமாயின், 80 மில்லிமீட்டருக்கு 4 கிலோகிராம் வேண்டும். இப்படிப் பல புள்ளிகளைக் குறித்தால் நேர்கோடு அமையும். பின்னர் வில்லை ஓரிரவு அமுக்கிய நிலையில் வைத்து மீண்டும் அளக்க வேண்டும். புதிய வில் முதலில் சிறிது தளரலாம். தளர்ச்சி தொடர்ந்துகொண்டேயிருந்தால் அது தகுதியற்றது.

மூன்றாவது, முட்டல் சோதனை. முழுவதும் அமுங்கும்போது சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுமாயின் மேற்கூடு தன் எல்லையை அடையாது. வெற்றுத் துப்பாக்கியில் வில்லைப் பொருத்தி, மேற்கூட்டைக் கையால் இழுத்து, அது பின்னெல்லை வரை செல்வதைக் காண வேண்டும்.

நான்காவது, போலித் தோட்டாச் சோதனை. மருந்தில்லாத பயிற்சித் தோட்டாக்களை இட்டுக் கையால் இயக்கி, ஏற்றலும் வெளியேற்றலும் தடையின்றி நிகழ்கின்றனவா எனப் பார்க்க வேண்டும்.

இறுதியானது, வெடித்துப் பார்த்தல். இதனை உரிமம் பெற்றோர் உரிய களத்தில் மட்டுமே செய்தல் வேண்டும். ஒரே ஒரு தோட்டாவை இட்டு வெடித்தால் மேற்கூடு பின்னே நிற்க வேண்டும். நில்லாவிடில் வில் விறைப்பு மிக்கதாக இருக்கலாம். வெற்றுத் தோட்டாக்கள் வழக்கத்தினும் நெடுந்தொலைவில் விழுந்தால் வில் தளர்ந்தது எனலாம். காலடியிலேயே விழுந்தால் விறைப்பு மிக்கது எனலாம். ஒருவகைத் தோட்டாவோடு நில்லாமல், பயன்படுத்தவிருக்கும் எல்லா வகையாலும் சோதித்த பின்னரே முடிவு கூற வேண்டும்.

சொற்களின் பயணம்

துப்பாக்கித் துறையில் தமிழ் வெறுங்கையோடு நிற்கவில்லை. 'துப்பாக்கி' துருக்கிய மொழிவழி வந்து தமிழாயிற்று. 'பீரங்கி' ஐரோப்பியரைக் குறித்த பரங்கி என்னும் பெயரோடு உறவுடையது. இலங்கைத் தமிழர் 'ரவை', 'ரவைக்கூடு' என்பர். துப்பாக்கியில் அடிக்கும் உறுப்பை நம் முன்னோர் 'குதிரை' என்றனர். ஆங்கிலத்தார் அதனையே சேவல் என்றனர். மலாய் மொழியின் 'செனாப்பாங்', கொத்தும் சேவல் என்று பொருள்படும் டச்சுச் சொல்லினின்று வந்தது. பழைய மலாய்ச் சொல்லாகிய 'பெடில்', தமிழின் 'வெடில்' என்பதன் திரிபு என ஆய்வாளர் சிலர் கருதுவர். கடாரத்துக் கரையில் பொருள்களோடு சொற்களும் இறங்கின, ஏறின. சுங்கை பத்துவில் அகழ்ந்தெடுத்த பழைய இரும்புருக்கு உலைகளின் எச்சங்களைக் காண்போர், இம்மண்ணில் தொழிலும் தொன்மையானது என உணர்வர்.

ஒன்றை மறவாமல் கூற வேண்டும். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் துப்பாக்கியை மட்டுமன்றி அதன் உறுப்புகளையும் ஆயுதமாகவே கொள்கிறது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் தண்டனைகளைக் கடுமையாக்கிற்று. எனவே இங்கு விளக்கியது அறிவதற்கேயன்றி, உரிமமின்றிச் செய்து பார்ப்பதற்கன்று. எனினும் இதே சோதனை முறை மோட்டார் சைக்கிள் வில்லுக்கும் ஆலை இயந்திர வில்லுக்கும் பொருந்தும். பட்டறையில் பயிலும் நம் பிள்ளைகள் விறைப்பையும் வலிமையையும் பிரித்துச் சொல்லக் கற்றால், கையும் கருவியும் காப்புறும்.

நாம் தொகுத்த சொற்பட்டியலை அம்முதியவரிடம் காட்டினோம். விறைப்பு, தளர்நிலை நீளம், முட்டல் ஆகியவற்றை அவர் உடனே ஏற்றுக்கொண்டார். 'மீட்புவில்' என்று நாம் இட்ட பெயரைப் படித்ததும் சிரித்தார். "ஐயா, மீட்பு என்றால் நம்ம பிள்ளைகளுக்குத் தீயணைப்பு மீட்புப் படைதான் நினைவுக்கு வரும். அது செய்கிற வேலை தள்ளுவது. தள்ளுவில் என்றே வைத்துவிடலாமே" என்றார். வில்வண்டி என்று பெயரிட்டவர்களின் வழித்தோன்றல் அவர். பட்டியலில் நம் சொல்லை அடித்துவிட்டு, 'தள்ளுவில்' என்று எழுதிக்கொண்டோம்.