யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மைதானத்தில் இறங்கிய முப்பது பேர்

எதிரியின் முன்னரண்களைத் தாண்டி, அவன் பகுதியின் நடுவிலேயே வீரர்களை வானிலிருந்து இறக்கும் போர்முறை வான்வழித் தாக்குதல் எனப்படும். இவ்வாறு இறங்குபவர்களிடம் டாங்கியோ கனரகப் பீரங்கியோ பெரும்பாலும் இராது என்பதால், சுமந்து வந்த தோட்டாக்கள் தீர்வதற்குள் தரைப்படை அவர்களை வந்து சேர்ந்தாக வேண்டும். 1944 செப்டம்பரில் நெதர்லாந்தின் ஆர்ன்ஹெம் பாலத்துக்காக இறக்கப்பட்ட ஏறத்தாழ 10,000 பேரில் கால்வாசிக்கும் குறைவானோரே ரைன் ஆற்றைக் கடந்து மீண்டதற்கு, ஒற்றைச் சாலையை நம்பிப் புறப்பட்ட தரைப்படை உரிய நேரத்தில் வந்து சேராததே முதன்மைக் காரணம். நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், அளவில் மிகச் சிறிதாயினும் அதே வகையான தோல்வி தமிழ் மண்ணில் நேர்ந்தது.

1987 ஜூலை 29இல் கையெழுத்தான இந்திய–இலங்கை ஒப்பந்தத்தின்படி அமைதி காக்கச் சென்ற இந்தியப் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு நேரடிப் போரில் இறங்கியது. புலிகளின் தலைமை யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பகுதியில் இருப்பதாகக் கருதி, அக்டோபர் 11ஆம் தேதி நள்ளிரவுக்குப் பின், பலாலி விமானதளத்திலிருந்து எம்.ஐ.-8 ஹெலிகாப்டர்கள் மூலம் 10ஆவது பாராசூட் கமாண்டோ படையினரையும் 13ஆவது சீக்கிய இலகு காலாட்படையினரையும் பல்கலைக்கழக மைதானத்தில் இறக்கத் திட்டமிடப்பட்டது.

இத்தகைய நடவடிக்கையின் உயிர்நாடி எதிரி எதிர்பாராதிருத்தல். ஆனால் படையின் வானொலிப் பேச்சுகளை ஒட்டுக்கேட்டுப் புலிகள் முன்கூட்டியே அறிந்து காத்திருந்தனர் என்று அந்தப் போரைப் பற்றிய நூல்கள் கூறுகின்றன. ஹெலிகாப்டர்கள் குறைவாக இருந்ததால் எல்லோரையும் ஒரே வீச்சில் இறக்க இயலவில்லை; சிறு சிறு தொகுதிகளாக இறக்க வேண்டியிருந்ததால், முதல் தொகுதி இறங்கிய உடனேயே இடம் வெளிப்பட்டுவிட, அடுத்து வந்த ஒவ்வொரு ஹெலிகாப்டரும் குறிவைத்துக் காத்திருந்த துப்பாக்கிகளை நோக்கியே தாழ்ந்தது. முன்னால் இறங்கியவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, பின்வருவோருக்கு இறங்குமிடத்தை அடையாளமிட்டுக் காட்டுவது. சண்டையில் சிக்கியதால் அதுவும் நடவாமல் போயிற்று. ஹெலிகாப்டர்கள் கடுமையாகச் சேதமடைந்தபின் எஞ்சிய பயணங்கள் நிறுத்தப்பட்டன.

அந்த நிறுத்தத்தின் விலையைக் கொடுத்தவர்கள் சீக்கிய காலாட்படையினர். ஏறத்தாழ 360 பேர் இறங்க வேண்டிய இடத்தில் மேஜர் பீரேந்திர சிங் தலைமையில் 30 பேரே இறங்கியிருந்தனர். அவர்களுடைய வானொலிக் கருவியை இயக்கியவர் தொடக்கத்திலேயே வீழ்ந்ததால் தலைமையகத்தோடு தொடர்பு அறுந்தது. துணைக்கு எவரும் வரப்போவதில்லை என்பதைச் சொல்லக்கூட வழியில்லை. மறுநாள் முற்பகல் வரை போராடி, தோட்டாக்கள் தீர்ந்தபின் எஞ்சிய மூவர் துப்பாக்கிமுனைக் கத்தியோடு பாய்ந்தனர். 29 பேர் மாண்டனர்; ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார்.

கமாண்டோக்கள் அருகிலிருந்த வீடுகளில் அரண் அமைத்துத் தாக்குப்பிடித்தனர். சாலைகளில் கண்ணிவெடிகள் புதைக்கப்பட்டிருந்ததால், மேஜர் அனில் கௌல் டி-72 டாங்கிகளைத் தண்டவாளத்தின் மீதே ஓட்டிச்சென்று அவர்களை மீட்டார். ஆறு கமாண்டோக்கள் உயிரிழந்திருந்தனர். அதே நாள்களில் கொக்குவில் பகுதியில், இந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லாத பொதுமக்கள் பலர் தங்கள் வீடுகளிலும் ஒழுங்கைகளிலும் கொல்லப்பட்டனர். தமிழகத்தில் இந்தத் தாக்குதலைப் பற்றிப் பேசுவோர் படையினரின் எண்ணிக்கையோடு நின்றுவிடுவது பெருங்குறை.

வீரக்குறைவால் இந்தத் தாக்குதல் தோற்கவில்லை. எதிரி இளைஞர் கூட்டம்தானே, சில நாள்களில் முடித்துவிடலாம் என்ற கணிப்பே மற்ற பிழைகளுக்கெல்லாம் தாய். அந்தக் கணிப்பு இல்லையென்றால், உறுதிப்படாத தகவலை நம்பி, போதிய ஹெலிகாப்டர்கள் இல்லாமல், தரைப்படை எப்போது வந்து சேரும் என்று தெரியாத நிலையில், நெருக்கமான குடியிருப்புகளுக்கு நடுவே நள்ளிரவில் எவரும் வீரர்களை இறக்கியிருக்கமாட்டார்கள். யாழ்ப்பாண நகரைக் கைப்பற்ற இரு வாரங்களுக்கு மேலாயிற்று.

ஏறத்தாழ 1,200 வீரர்களை இழந்து இந்தியப் படை 1990 மார்ச்சில் நாடு திரும்பியது. அதே ஆண்டு ஜூனில் இலங்கைப் படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூள, படகேறி வந்த ஈழத் தமிழர்களுக்காகத் திருவள்ளூர் மாவட்டத்தில், தொழிற்பேட்டை ஊரான கும்மிடிப்பூண்டியில் திறக்கப்பட்ட முகாமில் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் வாழ்கின்றனர்.