சீட்டில் எழுத்து நிற்குமா?

கரும்பு விளையும் ஊரில் ஒரு காகிதத் துண்டுக்கு உள்ள மதிப்புப் பட்டணத்து வாசகர்களுக்கு எளிதில் விளங்காது. மூங்கில்துறைப்பட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு வண்டி எடை மேடையில் ஏறி இறங்கியபின் குடியானவர் கையில் மிஞ்சுவது ஒரு சீட்டு. கரும்பு சாறாகிவிடும், பணம் வந்து சேரும்வரை அந்தச் சீட்டுத்தான் சாட்சி. ஆகையால் அதை அச்சிடும் யந்திரத்தைப் பற்றி நாலு வார்த்தை தெரிந்துகொள்வது, யந்திரம் விற்பவருக்கு மாத்திரம் உரிய விஷயமென்று நாம் கருதவில்லை.

கம்ப்யூட்டருடன் இணைந்த அச்சு யந்திரத்தைப் 'பிரிண்டர்' என்கிறார்கள். இது எழுத்தை எழுதுவதில்லை. வாசலில் கோலம் போடுவதுபோல் புள்ளி வைக்கிறது. ஓர் அங்குல நீளத்தில் எத்தனை புள்ளி என்பதே 'டி.பி.ஐ.' என்னும் அளவு. 300 என்றால் சதுர அங்குலத்துக்கு 90,000 புள்ளிகள். 600 என்றால் 3,60,000. தமிழருக்கு இந்தக் கணக்கில் தனி அக்கறை வேண்டும். ஓலை பொத்துவிடுமென்று நம் முன்னோர் மெய்யெழுத்தின் புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள். மட்டமான அச்சிலும் அந்தப் புள்ளிதான் முதலில் மறைகிறது!

புள்ளியை வைக்கும் முறையில்தான் யந்திரங்கள் வேறுபடுகின்றன. 'டாட் மேட்ரிக்ஸ்' யந்திரத்தில் 9 அல்லது 24 ஊசிகள், மை தோய்ந்த ரிப்பனைக் காகிதத்தின்மேல் குத்துகின்றன. சப்தம் காதைத் துளைக்கும், எழுத்தும் அழகாயிராது. ஆனால் குத்துகிறபடியால், அடியில் கார்பன் வைத்த காகிதத்திலும் அதே க்ஷணத்தில் நகல் விழுகிறது. கொடுத்தவருக்கு ஒன்று, வாங்கியவருக்கு ஒன்று. பின்னால் தகராறுக்கு இடமில்லை. பழைய யந்திரமென்று இதைப் பரிகசிப்பவர்கள் இந்தக் குணத்தை யோசிப்பதில்லை.

'இங்க்ஜெட்' திரவ மையைத் துளித்துளியாகப் பீச்சுவது. வர்ணப் படங்களுக்கு உகந்தது. சாதாரண மையானால் மழைத் துளி பட்டதும் கரையும். 'லேசர்' யந்திரம், ஜெராக்ஸ் கம்பெனியில் கேரி ஸ்டார்க்வெதர் தொடங்கிய வேலையின் பயன். இதில் திரவ மையே கிடையாது. 'டோனர்' என்னும் பொடிதான். 'டிரம்' என்னும் உருளைமீது ஒளிக்கற்றை மின்சார உருவம் வரைகிறது; பொடி அதில் ஒட்டி, காகிதத்துக்கு மாறி, சூட்டில் உருகிப் பதிகிறது. பொடியில் பெரும் பங்கு பிளாஸ்டிக் ஆனதால் நனைந்தாலும் கலையாது.

எஞ்சியது 'தெர்மல்'. பஸ் டிக்கெட்டிலும் கடை ரசீதிலும் இப்போது பெரும்பாலும் இதுவே. மையுமில்லை, பொடியுமில்லை, காகிதத்தில் பூசிய ரசாயனம் சூட்டில் கறுக்கிறது, அவ்வளவுதான். வெயிலும் எண்ணெயும் பட்டால் எழுத்து மங்கும். பத்திரமாக இருக்கட்டுமென்று சிலர் போட்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையே சில சமயம் எழுத்தை விழுங்கிவிடும். சூடான 'லாமினேஷன்' செய்தாலோ சீட்டு முழுவதும் கறுத்துப் போகும்.

சீட்டின் ஓரத்தை நகத்தால் அழுத்திக் கீறிப் பாருங்கள். கறுப்புக் கோடு விழுந்தால் அது தெர்மல் காகிதம். அன்றைக்கே ஜெராக்ஸ் நகல் ஒன்று எடுத்து, அசலை வெளிச்சம் படாத இடத்தில் நகலுடன் சேர்த்து வையுங்கள்.