குடித்த தண்ணீர் எங்கே போயிற்று?

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு)

காரின் பானெட்டைத் திறந்து பார்ப்பது ஆண்பிள்ளைகளின் வேலை என்றுதான் நாங்களும் எண்ணியிருந்தோம். கொடைக்கானல் மலைப்பாதையில் நடுவழியில் நின்ற பிறகு அந்த எண்ணம் மாறிற்று. நாங்கள் என்றால் அக்காள் தங்கை இருவர். எங்கள் தாத்தா வாங்கிய அம்பாசிடர் கார் இன்றும் எங்கள் வீட்டில் ஓடுகிறது. அந்த வண்டியின் உற்பத்தி 2014ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டது. ஆயினும் அதை விற்க அப்பாவுக்கு மனம் வரவில்லை.

தினமும் காலையில் அப்பா ரேடியேட்டரைத் திறந்து ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுவார். "பழைய வண்டி, தண்ணீர் குடிக்கிறது" என்பார். கொட்டகையின் தரையோ காய்ந்தே கிடக்கும். குடித்த தண்ணீர் எங்கே போயிற்று என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

உண்மையில் எந்த வண்டியும் தண்ணீர் குடிப்பதில்லை. இஞ்சினுக்குள் பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஒரு பகுதிதான் வண்டியை ஓட்டுகிறது. மீதியில் ஒரு பங்கு புகையோடு போகிறது. இன்னொரு பங்கைத் தண்ணீர் சுமந்து செல்கிறது. பெல்ட்டால் சுழலும் வாட்டர் பம்பு, இஞ்சினின் வார்ப்பிரும்புக்குள் இருக்கும் வழிகளில் தண்ணீரைத் தள்ளுகிறது. சூடான தண்ணீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழாய்களில் இறங்கி, காற்றில் ஆறி, கீழ் ஹோஸ் வழியாகத் திரும்புகிறது. சுற்றிச் சுற்றி வருவது அதே தண்ணீர்தான். பெட்ரோலைப் போலச் செலவாகும் பொருளன்று அது. ஆகவே அடிக்கடி ஊற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஒழுகுகிறது என்றே பொருள்.

சென்ற மே மாதம் வத்தலக்குண்டைத் தாண்டி மலையேறினோம். ஏற்றத்தில் வண்டி மெதுவாகப் போகும். இஞ்சினுக்கோ உழைப்பு அதிகம். ஒரு வளைவில் பானெட்டின் இடுக்கிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது. அப்பா துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனார். பின்னால் வந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இறங்கி ஓடி வந்து, "சார், திறக்காதீங்க!" என்று அவர் கையைப் பற்றி இழுத்தார்.

அவர் ஏன் அப்படிப் பதறினார்? விடை நம் பௌதிகப் பாடத்திலேயே இருக்கிறது. சமவெளியில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 2,100 மீட்டர் உயரமுள்ள கொடைக்கானலில் ஏறக்குறைய 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அழுத்தம் கூடினாலோ கொதிநிலையும் கூடும். இதற்காகவே ரேடியேட்டர் மூடியில் ஒரு வில் வைத்து, உள்ளே அழுத்தத்தை நிறுத்துகிறார்கள். ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுதலாக இருந்தால் தண்ணீர் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. பழைய வண்டிகளின் மூடி இதைவிடக் குறைந்த அழுத்தத்தையே தாங்கும். எதுவாயினும் சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் விழுகிறது. உள்ளிருக்கும் தண்ணீரில் ஒரு பகுதி அப்படியே ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். அந்தத் துண்டு என்ன காப்பாற்றியிருக்கும்?

"சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போகவில்லையே!" என்று அப்பா வியந்தார். தண்ணீர் மிகவும் இறங்கிவிட்டால், சூட்டை அளக்கும் கருவியைத் தொடுவது தண்ணீரன்று, வெறும் காற்றும் ஆவியுமே. அப்போது முள் குறைத்தும் காட்டக்கூடும் என்று பிற்பாடு தெரிந்துகொண்டோம்.

ஒரு மணி நேரத்திற்கு மேல் காத்திருந்தோம். மஞ்சள்பொடி போட்டால் ஓட்டை அடைபடும் என்றார் அருகிலிருந்த தேநீர்க் கடைக்காரர். சின்ன ஓட்டையைச் சிறிது நேரம் அடைக்கலாம். ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்தே அடைக்கும் என்று லாரி ஓட்டுநர் சிரித்தார். இஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தண்ணீர் ஊற்றினோம். சூடான வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் காணலாம். கொடைக்கானல் பார்க்காமலே திரும்பினோம்.

முதலில் போன பட்டறையில், மேல் ஹோஸ் நனைந்திருப்பதைக் கண்டு புது கிளிப் போட்டுப் பணம் வாங்கிக்கொண்டார்கள். ஒரு வாரத்தில் பழைய கதையே. இரண்டாவது மெக்கானிக் வேறு விதமானவர். ஆறிய இஞ்சினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த வாயில் கையால் அடிக்கும் ஒரு பம்பைப் பொருத்தினார். மூடியில் பொறித்திருந்த அழுத்தம் வரை காற்றடித்து நிறுத்தினார். அளவு காட்டும் முள் மெல்ல மெல்ல இறங்கியது. "பாப்பா, டார்ச்சை இங்கே பிடிங்க" என்றார். வாட்டர் பம்பின் அச்சுக்கு அடியில் ஒரு சிறு துளை. அதிலிருந்து கீழே துருக்கறை கோடாய் இறங்கியிருந்ததை முதலில் கண்டவள் எங்கள் இருவரில் இளையவள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அங்கு ஒரு சொட்டு திரண்டது.

அந்தத் துளை பழுதன்று, வேண்டுமென்றே வைத்தது. பம்பின் உள்ளே இருக்கும் சீல் தேய்ந்துவிட்டால், தண்ணீர் பேரிங்குக்குள் புகாமல் வெளியேறட்டும் என்று வைத்த வழி. அம்பாசிடரில் பம்பின் அச்சிலேயே விசிறியும் இருக்கிறது. ஒழுகிய நீரை அது வாரி இறைத்ததால்தான் ஹோஸ் நனைந்தது. வண்டி ஓடும்போது மட்டும் ஒழுகி, இஞ்சின் சூட்டில் ஆவியாகிப் போனதால் கொட்டகைத் தரை காய்ந்து கிடந்தது.

பெல்ட்டையும் விசிறியையும் கழற்றி, பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்து, புது பம்பைப் பூட்டினார். பிறகு வெறும் குழாய்த் தண்ணீருக்குப் பதிலாகக் கூலன்டும் வடிநீரும் கலந்து ஊற்றினார். குழாய்த் தண்ணீரின் உப்பு உள்ளே படியும். கூலன்ட் துருவைத் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். ஆனால் அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பான நஞ்சு. சிந்தினால் நாயும் பூனையும் நக்கிவிடும். எங்கள் பூனைக்குட்டியை அன்று முழுதும் மடியிலேயே வைத்திருந்தோம்.

உங்கள் வீட்டுக் காரின் கீழே ஈரம் கண்டால் ஓர் அட்டையை விரித்துப் பாருங்கள். நிறமும் வாசமும் இல்லாத தெளிந்த நீரானால் அது பெரும்பாலும் ஏ.சி.யிலிருந்து சொட்டுவது, கவலை இல்லை. நிறமும் வழுவழுப்பும் இனிப்பு வாசனையும் இருந்தால் கூலன்ட். வெளியே எங்கும் ஒழுக்கே தெரியாமல், புகைக்குழாயில் வெள்ளைப் புகை விடாது வந்து, இஞ்சின் ஆயிலும் பால் கலந்த காப்பி போல மாறியிருந்தால், சிலிண்டர் ஹெட் பேக்கிங் போயிருக்கலாம். அந்த வண்டியை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. எங்கள் வண்டி அந்த நிலைக்குப் போகாமல் தப்பியது.

இப்போது சனிக்கிழமை காலையில், இஞ்சின் சூடாகும் முன்பு, மூடியைத் திறந்து மட்டம் பார்ப்பது எங்கள் வேலை. இரண்டு மாதமாக ஒரு விரற்கடையும் குறையவில்லை. அப்பாவின் சொம்பு ரோஜாச் செடிகளுக்குப் போய்விட்டது.