எளிய வழி இழிவானதா?

மத்ரஸாவில் ஓதிக் கொடுக்கும் ஒருவன் வீடியோ விளையாட்டைப் பற்றி எழுதப் புகுந்திருப்பது தங்களுக்கு வியப்பளிக்கலாம். பிள்ளைகள் எந்த விளையாட்டை, எவ்வளவு நேரம் ஆடலாம், தொழுகையும் படிப்பும் கெடாதிருக்க என்ன வழி என்பனவெல்லாம் தனியே பேச வேண்டியவை. அவற்றை இங்கே நான் தொடவில்லை. சென்ற கோடை விடுமுறையில் என் வீட்டுக் கூடத்தில் என் முன் வந்து நின்ற ஒரு வழக்கைப் பற்றியே எழுதுகிறேன்.

என் மகனுக்குப் பதினாறு வயது. 'செலஸ்ட்' என்னும் கணினி விளையாட்டைப் பல வாரங்கள் முயன்று முடித்தவன். அவன் தங்கைக்குப் பதினொன்று. அவளும் அதே விளையாட்டைத் தொடங்கினாள். மூன்றாம் கட்டத்தில் விழுந்து விழுந்து சலித்துப் போனாள். பிறகு அதிலேயே அமைந்திருக்கும் 'அசிஸ்ட் மோட்' எனும் உதவி முறையை இயக்கிக் கொண்டாள். அதைக் கண்ட அண்ணன், "இது விளையாட்டே இல்லை, ஏமாற்று வேலை" என்று நகைத்தான். அவள் கணினியை மூடிவிட்டு என்னிடம் வந்தாள். "வாப்பா, நான் ஏமாற்றினேனா? காக்கா சொல்வது சரியா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

விசாரிக்காமல் தீர்ப்புக் கூறுவது காஜிக்கு அழகல்ல. ஆகவே நானும் சில இரவுகளைச் செலவிட்டு விசாரித்தேன்.

2018-ஆம் ஆண்டு வெளியான விளையாட்டு அது. ஆயினும் பார்வைக்கு 1980-களில் வந்தது போலவே, புள்ளி புள்ளியான சித்திரங்களால் ஆனது. மனக்கலக்கத்தால் அவதியுறும் மேடலின் என்ற பெண், ஒரு மலையின் உச்சியை அடையப் புறப்படுகிறாள். தாவுவது, சுவரைப் பற்றி ஏறுவது, அந்தரத்தில் ஒரு முறை பாய்வது ஆகிய மூன்றே அவளுக்குத் தெரிந்த வித்தைகள். தவறினால் உயிர் போகும். மறு கணமே அந்தத் திரையின் தொடக்கத்தில் வந்து நிற்பாள். எத்தனை முறை விழுந்தோம் என்பதை விளையாட்டே கணக்கு வைத்துக் கொள்கிறது. நூற்றுக்கணக்கில் விழுவது சாதாரணம். உதவி முறையை இயக்கினால் வேகத்தைப் பத்துப் பத்து சதவீதமாகப் பாதி வரை குறைக்கலாம், கை தளராமல் சுவரில் தொங்கலாம், அடியே படாதவாறு செய்து கொள்ளலாம், கட்டத்தையே தாண்டிவிடலாம். எது தேவை என்பதை ஆடுபவரே தீர்மானிக்கிறார்.

பழைய விளையாட்டுகள் ஏன் அத்தனை கடினமாயிருந்தன என்று என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? அவற்றின் மூதாதைகள் காசு போட்டு ஆடும் இயந்திரங்கள். ஆடுபவர் விரைவில் தோற்றால்தான் அடுத்த காசு விழும். பின்னர் வீட்டுக்கு வந்த விளையாட்டுகளிலோ இடம் மிகக் குறைவு. 1985-இல் ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைட்டுக்குள் அடங்கியது. அதன் 32 கட்டங்களையும் தடையின்றிக் கடக்க முடிந்தால் ஒரே மாலையில் முடிந்துவிடும். மாதக்கணக்கில் இழுத்துப் பிடித்தது கடினந்தான். சுருங்கச் சொன்னால், அந்தக் கடினத்தில் வீரத்தைவிட வியாபாரமே மிகுதி.

வியாபாரிகளுக்கும் இது சில சமயம் எல்லை மீறியது. 1986-இல் ஜப்பானில் வெளியான இரண்டாம் மாரியோ, முதலாவதைவிடப் பன்மடங்கு கொடியது. உண்டால் உயிர் பறிக்கும் நச்சுக் காளான்கூட அதில் உண்டு. இது நம் பிள்ளைகளைச் சலிப்படையச் செய்யும் என்று அமெரிக்கக் கிளையினர் அதை ஏற்கவில்லை. வேறொரு விளையாட்டை உருமாற்றி 1988-இல் இரண்டாம் மாரியோ என்று அங்கே விற்றார்கள். அசல் அங்கு போய்ச் சேர்ந்தது 1993-இல்.

இதனினும் சுவையானது 'மெகா மேன் 2'-இன் கதை. 1988-இல் ஜப்பானில் வந்த இவ்விளையாட்டு, அடுத்த ஆண்டு அமெரிக்கா சென்றபோது இரண்டு நிலைகளைக் கொண்டிருந்தது. ஜப்பானிய அசலுக்குக் 'கடினம்' என்று பெயர். புதிதாகச் சேர்த்த எளிய நிலைக்கு 'எளிது' என்றல்ல, 'இயல்பு' என்று பெயர்! பெயர் வைத்தவர் பிள்ளை மனம் அறிந்தவராயிருக்க வேண்டும். இதற்கு நேர்மாறாக, 2007-இல் இலவசமாக வெளியான ஒரு விளையாட்டில் சற்று எளிய நிலையைத் தேர்ந்தெடுத்தால், கதாநாயகனின் தலையில் இளஞ்சிவப்பு ரிப்பன் கட்டிவிடுவார்கள். ஆட்டத்தைச் சேமிக்கும் பெட்டிகளின் மீது 'கோழை' என்னும் பொருள்படும் ஏச்சு எழுதப்பட்டிருக்கும். வேடிக்கைக்காகச் செய்ததுதான். எனினும் அந்த ரிப்பன் என் நினைவை விட்டு அகலவில்லை.

என் மகனின் தரப்பையும் கேட்டேன். 2017-இல் வந்த 'கப்ஹெட்' என்ற விளையாட்டை அவன் சாட்சியாகக் கொண்டு வந்தான். அதில் எளிய நிலை உண்டு. ஆனால் அந்நிலையில் எதிரிகளை வென்றவருக்கு இறுதிப் போருக்கான வாயில் திறக்காது. "அதுதான் நியாயம் வாப்பா. நான் நானூறு தடவை விழுந்து ஒரு இடத்தைக் கடந்தபோது கைகள் நடுங்கின. அந்தச் சந்தோஷம் அவளுக்குக் கிடைக்குமா?" என்றான். அவன் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அந்த நடுக்கத்தை நான் மறுக்கவில்லை.

ஆனால் நான் அவனுக்கு மார்க்கத்திலிருந்து ஒன்றை நினைவூட்டினேன். நம் ஷரீஅத்தில் 'அஸீமத்' என்ற முழு நிலையும் உண்டு, 'ருக்ஸத்' என்ற சலுகை நிலையும் உண்டு. பயணி நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தொழுகிறார். மூலநோயால் வருந்திய இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழ இயலாவிடில் உட்கார்ந்தும், அதுவும் இயலாவிடில் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். உட்கார்ந்து தொழுபவரின் தலையில் யாரும் ரிப்பன் கட்டுவதில்லை. அவருக்குச் சுவனத்தின் வாயில் பாதிதான் திறக்கும் என்று எவரும் சொல்வதில்லை. சலுகை என்பது சட்டத்துக்கு வெளியே இருந்து திருடப்பட்டதன்று. சட்டம் இயற்றியவனே சட்டத்துக்குள் வைத்துத் தந்தது.

"செலஸ்ட்டை உருவாக்கியவர்களே அந்த உதவி முறையை உள்ளே வைத்திருக்கையில், ஏமாற்று என்று கூற நீ யார்?" என்று கேட்டேன். அவன் விடவில்லை. "முதல் தடவை அது இல்லாமல் ஆடுங்கள் என்று அவர்களே எழுதியிருந்தார்களே!" என்றான். அதுவும் உண்மைதான். ஆனால் 2019-இல் அந்த வாசகத்தை அவர்கள் திருத்திவிட்டார்கள். உடற்குறையாலோ வேறு காரணத்தாலோ உதவி தேவைப்படுவோரை அது இரண்டாம் தரத்தவராக உணரச் செய்தது என்பதை அறிந்து, அந்தப் பரிந்துரையை நீக்கினார்கள். ஒரு விளையாட்டுக்காரருக்கு இருந்த இந்தக் கண்ணியத்தை எண்ணி, சொல்லவே கூச்சமாயிருக்கிறது, எனக்கு என் வகுப்பறை நினைவுக்கு வந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் என்னிடம் ஓதிய ஒரு சிறுவனுக்கு நாக்குத் திக்கும். அவன் பாடத்தைக் குறைத்தேன், அது சரியே. ஆனால் குறைத்ததோடு நில்லாமல், "நீ சின்னப் பிள்ளைகளோடு போய் உட்கார்" என்று எல்லோர் முன்னிலையிலும் கூறினேன். சலுகையைக் கொடுத்த கையாலேயே ரிப்பனையும் கட்டிவிட்டேன். இரண்டு வாரத்தில் அவன் வருவதை நிறுத்திவிட்டான். திக்கித் திணறிச் சிரமத்துடன் ஓதுபவருக்கு இரண்டு கூலிகள் உண்டு என்ற ஹதீஸை அந்த வகுப்பிலேயே எத்தனையோ முறை எடுத்துச் சொன்னவன் நான். பின்னர் அவன் வீட்டுக்குச் சென்று, அவனுடைய உம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் தேநீர் கொடுத்து உபசரித்தார். பையன் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை.

இதை மகனிடம் மறைக்காமல் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு தங்கையை அழைத்து, வேகத்தை எங்கே குறைப்பது, எங்கே கூட்டுவது என்று தானே காட்டிக் கொடுத்தான்.

இப்பொழுது அவள் ஆறாம் கட்டத்தில் இருக்கிறாள். அஸர் தொழுகைக்குப் பிறகு அரைமணி நேரம் மட்டும் அனுமதி. எழுபது சதவீத வேகத்தில் தொடங்கியவள், யாரும் சொல்லாமலே தொண்ணூறுக்கு ஏற்றியிருக்கிறாள். பனிப்பாறையின் நடுவே ஓரிடத்தில் மட்டும் மீண்டும் எண்பதுக்கு இறக்கிக் கொண்டாளாம். விழுந்த கணக்கு இதுவரை 1,312. காக்காவுடையதைவிட அதிகம் என்று நேற்று என்னிடம் பெருமையாகச் சொன்னாள்.