காந்தட் கிழங்கைக் காக்கும் முறை

சங்க இலக்கியம் பயில்வோர் காந்தளை அறியாதிரார். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிய மலர் வரிசை செங்காந்தளில்தான் தொடங்குகின்றது. அவர் பாடிய குறுந்தொகை 361ஆம் பாடலில், தலைவனது மலையிலிருந்து ஆற்றுநீரோடு வந்த காந்தளைத் தலைவி தழுவி மகிழ்கின்றாள். இல்லத்திற்குக் கொணர்ந்து நடுகின்றாள். அன்னையும் அதனைத் தடுத்தாளில்லை. வேர்முதலோடு வந்த காந்தள் மீண்டும் தழைக்கும் என்னும் அறிவு அப்பாடலில் பொதிந்துள்ளமை நோக்கத்தக்கது. இன்று அது தமிழ்நாட்டின் மாநில மலர். எனினும் நம் மாணவருள் பலர் அதனை நூலில் மட்டுமே கண்டுள்ளனர்.

காந்தள் குறிஞ்சி மலராயினும் சமவெளியிலும் வளரும். மூலனூர், ஒட்டன்சத்திரம், அரவக்குறிச்சி, வேதாரண்யம் ஆகிய பகுதிகளில் கண்வலிக்கிழங்கு என்னும் பெயரில் விதைக்காகப் பயிரிடப்படுகின்றது. ஏரி வாரியத்தோடு தோட்ட வாரியத்தையும் கி.பி. 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளில் பொறித்துவைத்த உத்திரமேரூரில் காந்தளுக்கும் ஓர் இடம் இருத்தல் தகும்.

உறங்கும் காலம்

மேலைநாட்டார் டேலியாக் கிழங்கை உறைபனிக்கு அஞ்சி அகழ்ந்தெடுத்துப் பாதுகாப்பர். நம் சமவெளியில் உறைபனி இல்லை. தேங்கும் நீரே பகை. கார், கூதிர்ப் பருவங்களில் பூத்த காந்தள் முன்பனியில் காய் முற்றி, இலை உலர்ந்து உறங்கத் தொடங்கும். முதுவேனில் இறுதியில் மீண்டும் விழிக்கும். ஆண்டுதோறும் பழைய கிழங்கு சுருங்கி மாய, புதுக்கிழங்கு அதனிடத்தைப் பெறும். ஏரிப்பாசனக் களிமண்ணில் ஈரம் நின்றால் உறங்கும் கிழங்கு அழுகிவிடும். ஆதலின் மேட்டு நிலமோ மணல் கலந்த தொட்டியோ இல்லாதவர் கிழங்கை எடுத்து வைத்தலே நன்று.

எடுத்தலும் பகுத்தலும்

இலை முழுதும் காய்ந்தபின் நீர் விடுவதை நிறுத்துக. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி மெல்ல அகழ்க. கிழங்கு எளிதில் முறியும். அதனைக் கழுவாது, சில நாள் நிழலில் உலர்த்தி, மண்சட்டியில் காய்ந்த ஆற்றுமணலுக்குள் புதைத்து, வெயில் படாத அறையில் வைக்க. திங்களுக்கு ஒருமுறை பார்த்து, அழுகியவற்றை நீக்குக.

இக்கிழங்கு கலப்பை போல இரு கிளையாக மடிந்திருக்கும். கலப்பைக் கிழங்கு என்னும் பெயரும் அதனாலேயே வந்தது. டேலியாவின் முளை கழுத்தில் இருக்கும். காந்தளின் முளையோ ஒவ்வொரு கிளையின் நுனியிலும் உள்ளது. இந்நுனி ஒடிந்தால் கிழங்கு எத்துணைப் பருத்ததாயினும் பயனின்று. எனவே இரு கிளைகளும் கூடும் முழங்கைப் பகுதியில் மட்டுமே பிரித்தல் வேண்டும். வெட்டுவாயில் சாம்பல் தடவி உலரவிடுக. ஆனி, ஆடியில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கைவாட்டில் நடுக. இலைநுனியே பற்றுக்கம்பியாகச் சுருண்டு ஏறுமாதலின் அருகில் ஒரு கொம்பு தேவை. மிகச் சிறிய கிளை முதலாண்டில் பூவாது இலையே விடக்கூடும், பொறுத்திருத்தல் வேண்டும்.

நஞ்சென அறிக

காந்தளின் எல்லாப் பகுதியும் நஞ்சு. கிழங்கு உயிரைப் போக்க வல்லது. அதிலுள்ள கால்ச்சிசின், மருத்துவர் அளந்து தரும்போது கீல்வாத வகையொன்றிற்கு மருந்தாகின்றது. அளவறியாது உண்டோர் மாண்டதுண்டு. வள்ளிக்கிழங்கென மயங்க இடமுண்டு என்பதால் சமையலறையில் ஒருபோதும் வைத்தலாகாது. சட்டியின்மேல் ‘நஞ்சு’ என்று பெரிதாக எழுதுக. சிறார்க்கும் கால்நடைக்கும் எட்டாது காக்க. தொட்டபின் கைகழுவுக.

மற்றொன்றும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். மருந்துக்கெனக் காட்டுக் கிழங்குகளை அகழ்ந்தெடுப்பதால் இயற்கையில் காந்தள் அருகி வருகின்றது. வேலியோரத்துக் கொடியைப் பறித்து வருதல் காந்தளைப் பேணுதல் ஆகாது. பயிரிடுவோரிடம் விலைகொடுத்துப் பெறுவதே முறை. கையில் கன்றிருக்க மறுமை நாளே வந்துற்றாலும் அதனை நட்டுவிடுமாறு பணிக்கும் நபிமொழியை நாம் அறிவோம். ஆண்டுதோறும் ஒரு கிழங்கு இரண்டாகப் பகுக்கப்பட்டு ஆசிரியர் கையிலிருந்து மாணவர் கைக்குச் செல்லுமாயின், கபிலர் கண்ட பூவை நம் பிள்ளைகளும் நேரிற் காண்பர்.