கதம்பத்தைப் பிய்த்துப் பார்த்தால் ரத்தத்தின் குறை தெரியும்!

“ஹீமோகுளோபின் பத்துதான் இருக்காம்... டாக்டர் சொல்லிட்டார்!”

வீட்டில் யாருக்காவது இப்படி ஒரு ரிப்போர்ட் வந்தால் என்ன செய்வீர்கள்? முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், கூடவே இரும்புச்சத்து மாத்திரை. பலருக்கு இதுவே போதும். ஆனால், மாசக்கணக்கில் மாத்திரை விழுங்கியும் பத்து பத்தாகவே நிற்கிறதே என்று அலுத்துக்கொள்பவர்களும் உண்டு. அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். ஒன்றை மட்டும் இப்போது பார்ப்போம். அந்த ரிப்போர்ட் சொல்வது ஹீமோகுளோபின் ‘எவ்வளவு’ என்பதைத்தான். அது ஒழுங்காகக் கட்டப்பட்ட ஹீமோகுளோபின்தானா என்பதை அந்த எண் சொல்லாது.

கட்டுவதா? ஆமாம். கதம்பம் கட்டுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? மல்லிகை, கனகாம்பரம், மரிக்கொழுந்து என்று மாற்றி மாற்றி வைத்துத் தொடுப்பார்கள். நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு புரோட்டீனும் அப்படி ஒரு கதம்பம்தான். பூக்களுக்குப் பதில் அமினோ அமிலங்கள். மொத்தம் இருபது வகை. எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்ற வரிசைதான் அந்தப் புரோட்டீன் என்ன வேலை செய்யும் என்பதைத் தீர்மானிக்கிறது.

இந்த வரிசையை எப்படித் தெரிந்துகொள்வது? முழு மாலையாக வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. ஒவ்வொரு பூவாக உதிர்த்துவிட்டாலோ எத்தனை மல்லிகை, எத்தனை கனகாம்பரம் என்ற கணக்குதான் மிஞ்சும், வரிசை போய்விடும். எனவே, துண்டு துண்டாக வெட்ட வேண்டும். இந்தத் துண்டுக்குத்தான் ‘பெப்டைட்’ என்று பெயர். இங்கிலாந்து விஞ்ஞானி ஃப்ரெடரிக் ஸாங்கர் இன்சுலினை இப்படித் துண்டு போட்டு, ஒரு துண்டின் வால் இன்னொன்றின் தலையோடு எங்கே ஒத்துப்போகிறது என்று பார்த்துப் பார்த்து, அதிலுள்ள 51 அமினோ அமிலங்களின் வரிசையையும் கண்டுபிடித்தார். பத்தாண்டு உழைப்பு! 1958-ல் நோபல் பரிசு கிடைத்தது.

வெட்டுவதற்குக் கத்தரிக்கோல் எது தெரியுமா? உங்கள் வயிற்றிலேயே இருக்கிறது. நேற்று சாப்பிட்ட சுண்டலைச் செரிக்க வைக்கக் கணையம் சுரந்ததே, அந்த ‘ட்ரிப்ஸின்’தான்! கண்ட இடத்தில் வெட்டாது. லைஸின், ஆர்ஜினைன் என்ற இரண்டு அமினோ அமிலங்களுக்குப் பின்னால் மட்டும்தான் வெட்டும். ஆகவே, ஒரே புரோட்டீனை எத்தனை முறை வெட்டினாலும் அதே துண்டுகள் கிடைக்கும்.

கேம்பிரிட்ஜில் வெர்னன் இங்க்ரம் என்பவர் 1956-ல் இந்தக் கத்தரியை எடுத்தார். ‘ஸிக்கிள் செல்’ என்ற பரம்பரை ரத்தசோகை உள்ளவர்களின் ஹீமோகுளோபினையும் சாதாரண ஹீமோகுளோபினையும் தனித்தனியே வெட்டி, துண்டுகளைக் காகிதத்தில் பரவ விட்டார். இரண்டிலும் முப்பது சொச்சம் புள்ளிகள். ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது! அதை அலசியபோது, குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய இடத்தில் வாலின் உட்கார்ந்திருப்பது அடுத்த வருஷமே தெரிந்துவிட்டது. 146 பூக்கள் கொண்ட சரத்தில் ஆறாவது பூ மட்டும் மாறியிருக்கிறது. அதற்கே, ஆக்ஸிஜன் குறைந்தால் ரத்த சிவப்பணு கதிர் அரிவாள் போல் வளைந்து, சின்ன ரத்தக்குழாய்களை அடைத்து, தாங்க முடியாத வலியைக் கொடுக்கிறது.

இப்போது காகிதம் இல்லை. ‘மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்’ வந்துவிட்டது. இதை அணுக்களையே எடை போடும் தராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் பார்த்த சரத்தின் முதல் துண்டில் எட்டு அமினோ அமிலங்கள். சாதாரணமாக இதன் எடை இந்தத் தராசில் 952 என்று வரும். ஸிக்கிள் செல் உள்ளவர்களுக்கு 922. முப்பது குறைகிறது. குளூட்டாமிக் அமிலம் 129, வாலின் 99... கணக்கு சரியாகப் போச்சு!

ஆனால், ஒரு சிக்கல். அந்தத் துண்டில் குளூட்டாமிக் அமிலம் ஆறாவது, ஏழாவது என்று பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கிறதே! மாறியது எது? எடை மட்டும் இதைச் சொல்லாது. எனவே, கருவிக்குள்ளேயே அந்தத் துண்டை வாயு மூலக்கூறுகளோடு மோத விடுகிறார்கள். மோதினால் அது பெரும்பாலும் பூவுக்கும் பூவுக்கும் நடுவிலுள்ள முடிச்சில்தான் உடையும். ஐந்து பூ உள்ள சில்லு, ஆறு பூ உள்ள சில்லு என்று வரிசையாகக் கிடைக்கும். ஐந்து வரை எடையில் மாற்றமில்லை, ஆறில் முப்பது குறைகிறது என்றால் திருடன் ஆறாவது இடத்தில் பிடிபட்டான்! (இந்தத் தராசும் ஏமாறும். லூஸின், ஐஸோலூஸின் இரண்டுக்கும் எடை ஒன்றே. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. வேறு வழியில்தான் பிரிக்க வேண்டும்.)

நமக்கு இது எதற்கு என்கிறீர்களா? இந்தியாவில் ஸிக்கிள் செல் குறை முதன்முதலாக 1952-ல் நம் நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான் கண்டறியப்பட்டது. அம்மா, அப்பா இருவருமே நோயில்லாமல் குறையை மட்டும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு உண்டு. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவியெல்லாம் வேண்டாம். ஹீமோகுளோபின் எலக்ட்ரோஃபோரஸிஸ் அல்லது ஹெச்.பி.எல்.சி. பரிசோதனையே பொதுவாகப் போதும். தலஸீமியா குறையைச் சுமப்பவர்களைக் கண்டுபிடிக்கவும் இது உதவும். இரும்பு மாத்திரைக்கு அசையாத ரத்தசோகை என்றால், “இந்த டெஸ்ட் தேவைப்படுமா?” என்று டாக்டரிடம் கேளுங்கள். அதில் பிடிபடாத அபூர்வ வகைகளுக்குத்தான் துண்டு போட்டு எடை பார்க்கும் வேலை.

இந்த வித்தை உயிரையே காப்பாற்றும் இடம் இன்னொன்று உண்டு. ‘அமைலாய்டோஸிஸ்’ என்ற வியாதியில் ஏதோ ஒரு புரோட்டீன் இதயத்திலோ சிறுநீரகத்திலோ படிந்து உறுப்பைக் கெடுக்கும். முப்பதுக்கும் மேற்பட்ட புரோட்டீன்கள் இப்படிப் படியலாம். மைக்ராஸ்கோப்பில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் வைத்தியம் வேறு வேறு! எலும்பு மஜ்ஜை செல்களிலிருந்து வரும் வகைக்குக் கீமோதெரபி வேண்டும். கல்லீரலில் உருவாகும் டிரான்ஸ்தைரெடின் படிந்திருந்தால் கீமோதெரபியால் பலன் இல்லை, பக்கவிளைவுதான் மிச்சம். அதற்கான மாத்திரையே தனி. பயாப்ஸி சதையிலிருந்து படிவை லேசரால் வெட்டியெடுத்து, ட்ரிப்ஸின் போட்டு, துண்டுகளை உடைத்து எடை பார்த்தால் எந்தப் புரோட்டீன் என்று தெரிந்துவிடும்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்கு வந்த பயாப்ஸி ரிப்போர்ட்டில் ‘அமைலாய்டு’ என்ற சொல் மட்டும் இருந்தால், மருந்து ஆரம்பிக்கும் முன் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “எந்த வகைன்னு உறுதி ஆயிடுச்சா டாக்டர்?”